கார்ப்பரேட்டருக்குள் கட்டிய கூடு

கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியதும், பெட்ரோல் வாடை வரவேண்டிய இடத்தில் ஈர மண் வாடை வந்தது. மாரிக்கண்ணன் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான். புளித்துப்போன பெட்ரோல், ஏர் ஃபில்டருக்குள் செத்து ஊறிய எலி, பழைய ஆயிலில் மிதக்கும் கரப்பான் என்று மீசை முளைக்கும் முன்பிருந்தே வண்டிகளின் வயிற்று நாற்றங்களையெல்லாம் முகர்ந்து பழகிய மூக்கு அவனுடையது. அதுவே இதற்குப் பின்வாங்கியது. மழைக்குப் பிறகு காட்டிலிருந்து வருகிற நல்ல மண் வாடை இல்லை இது. யாரோ வாயில் போட்டு எச்சிலோடு குதப்பித் துப்பிய மண்ணின் வாடை, வெதுவெதுப்பாக.

வண்டி திருவேங்கடத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி தங்கசாமியுடையது. குற்றாலத்துப் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில், வந்தவர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி விளையாடிய நாலு சக்கர பைக். கரிசல் சேற்றில் சிக்காது, பூச்சிமருந்து டிரம்மைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்கிவந்து, பம்புசெட் ரூமில் நிறுத்தி மறந்துவிட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். இப்போது அந்த ஓணானை மாரிக்கண்ணன் வேட்டிக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சோக்கு போட்டா ஸ்டார்ட் ஆவுது மாரி. சோக்க எடுத்தா பொட்டுனு நின்னுருது. என்னன்னு பாரு" என்று சொல்லியிருந்தார்.

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நிற்கிற வண்டி என்றால் ஜெட் அடைத்திருக்கும். இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். ஊசித் துளை போட்ட அந்தப் பித்தளைத் துண்டைக் கழற்றி, எல்லா மெக்கானிக்கும் செய்கிற மாதிரி உதட்டில் வைத்து ஊதினான், சுத்தமாக இருந்தது. அடுத்து கார்ப்பரேட்டரின் காற்றுக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். முதலில் ஒன்றும் வரவில்லை. கன்னம் குழிய இன்னும் இழுத்தான். சளக்கென்று ஏதோ வந்து நாக்கில் விழுந்தது. மண். மண்ணுக்குள் மெத்தென்று ஒன்று. அது நெளிந்தது.

தூவென்று துப்பினான். சேமியாத் துண்டு பருமனில் பச்சைப் புழு ஒன்று சிமெண்ட் தரையில் கிடந்து வாலை மட்டும் ஆட்டியது. வாயைக் கொப்பளித்தான், விரலை விட்டுத் தேய்த்தான், மறுபடி கொப்பளித்தான். நாக்கின் அடியில் அந்த நெளிவு அப்படியே இருந்தது.

டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குளவிக்கூடு. மிதவை தொங்குகிற இடத்தைச் சுற்றி, சின்னப் பானைகளை ஒட்டிவைத்த மாதிரி வழவழவென்று கட்டியிருந்தது. நின்றுபோன வண்டியின் சைலன்சரில் குளவி கூடு கட்டுவது புதிதில்லை. ஆனால் நாலு திருகு போட்டு இறுக்கி மூடிய கிண்ணத்துக்குள், பெட்ரோல் நிற்கிற இடத்தில், ஈரம் காயாமல் எந்தக் குளவி கட்டும்?

பட்டறையான தகரக் கொட்டகைக்குப் பின்னாலேயே அவன் வீடு. டீ கொண்டுவந்த பெண்டாட்டி நிர்மலாதேவி அவன் தோள் வழியே எட்டிப் பார்த்தாள். வேண்டாத தெய்வமில்லை, கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை நாக்கில் வைக்காத நாளில்லை என்று வருஷக்கணக்காக ஏங்கிய பிறகு இப்போதுதான் முழுகாமல் இருந்தாள், ஏழாம் மாதம்.

"ஏங்க, ஒடைச்சிராதீங்க" என்றாள். "குளவி கூடு கட்டுனா பிள்ள தங்கும்பாங்க."

"வீட்ல கட்டுனாத்தானட்டி? இது தங்கசாமி அண்ணாச்சி வண்டில்லா."

"வண்டி நம்ம வீட்லதான நிக்கு?"

அவன் சிரித்து அனுப்பிவைத்தான். அவள் உள்ளே போனதும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். ஓடு பிளந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் வரிசையாக, நெருக்கி அடைத்துக் கிடந்தன. சாகவுமில்லை, பிழைத்தும் இல்லை. குளவி கொட்டி மரத்துப்போக வைத்த உடம்புகள். ஒன்றின் விலாவில் வெள்ளையாக ஒரு குளவிக் குஞ்சுப் புழு வாயைப் பதித்து உறிஞ்சிக்கொண்டிருக்க, உறிஞ்சக் கொடுத்த பச்சைப் புழு அசையாமல் கிடந்தது, தலையை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு. மாரிக்கண்ணன் எல்லாவற்றையும் சுரண்டிச் சாக்கடையில் தட்டிவிட்டு, அங்கேயே குனிந்து குடித்த டீயையும் கக்கினான்.

மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"ஏங்க... பிள்ள அசையல."

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனான். டாக்டரம்மா கருவியை வைத்துக் கேட்டுத் துடிப்பு இருக்கிறது என்றார். இரவுக்குள் அசைவு தெரியாவிட்டால் உடனே வரச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் கை சும்மா இருக்க மாட்டாமல் கார்ப்பரேட்டரை மாட்டிக் கிக்கரை உதைத்துப் பார்த்தான். வண்டி இருமிக்கொண்டு நின்றது. மறுபடி கிண்ணத்தைக் கழற்றினான். அதே வாடை. அதே இடத்தில், காலையில் சுரண்டிய தடத்தின் மேலேயே, புதுமண் பளபளத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே அவள் சிரித்தாள்.

"உதைக்கான் பாருங்க! வந்து கைய வச்சுப் பாருங்க." அவன் ஓடிப்போய்க் கை வைத்தான். உள்ளங்கைக்கு அடியில் ஒரு புரளல். உயிர் வந்தது. அவள் காலை நீட்டிக்கொண்டு, "பாதம் மட்டும் மதமதன்னு இருக்கு, கிள்ளுனாலும் தெரியல" என்று சொன்னாள்.

கோளாறு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மறுநாள் அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கொட்டகையில் கூட்டின் ஓரத்தை மட்டும் ஒரு கீறல் கீறினான்.

"எம்மா, காலு வந்துட்டு!" என்று அவள் சத்தம் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சத்தம் இறங்கி, "ஏங்க, பிள்ள மறுபடியும் அசையல" என்றாள்.

கீறிய இடத்தில் சாயங்காலம் மண் ஏறியிருந்தது. பிள்ளை துள்ளியது. அவளுக்கு முழங்கால் வரை மரத்துவிட்டது.

அவன் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். உடைத்தால் பிள்ளை இல்லை. விட்டால் இவள் இல்லை. எந்தக் குளவியும் பறக்கவில்லை, வரவில்லை, போகவில்லை. மண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கார்ப்பரேட்டரைத் தூக்கிக் கண்மாயில் எறியலாம். எறிந்தால் எது நிற்கும், எது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அவளிடம் சொல்லிப் பார்த்தான். அவள் பயப்படவே இல்லை. அதுதான் அவனைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"காலு கெடந்துட்டுப் போவுது. பிள்ள பெறக்கட்டும், பொறவு ஒடைங்க" என்றாள்.

அவனும் அதையே பிடித்துக்கொண்டான். பெண்டாட்டி சொன்னாள் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. தங்கசாமி போன் பண்ணும்போதெல்லாம், "ஜெட்டு கெடைக்கல அண்ணாச்சி, மதுரையில சொல்லி வச்சிருக்கேன்" என்று புளுகினான். மரப்பு இடுப்புக்கு ஏறியது. டாக்டரம்மா பயந்துபோய், திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்ட எழுதிக்கொடுத்தார். திங்கட்கிழமை போவதென்று கார் பேசிவைத்தான்.

இதற்கிடையில் வயிறு ஏழாம் மாத வயிறாக இல்லை. கை வைத்தால் உதைக்கவில்லை; சுருண்டு, நகர்ந்து, எதையோ தேடுகிற மாதிரி ஊர்ந்தது. அவனுக்குக் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றியது. பெற்ற தகப்பன் தன் பிள்ளையைத் தொட அருவருக்கலாமா? அருவருத்தான். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினான். அவளுக்குத் தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே ஊமையாக இருந்தது. மற்ற நாளெல்லாம் சடக் சடக்கென்று ஓடுகிற விசைத்தறிகள் நின்றுவிட்டன. அந்த அமைதியில்தான் அவனுக்கு அது கேட்டது. மெல்லிய இரைச்சல். ஃபிரிட்ஜ் என்று நினைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. சுவரில் காதை வைத்தான், ஜன்னலில் வைத்தான். பிறகு கட்டில் பக்கம் போகாமலேயே கொட்டகைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நிர்மலா மல்லாந்து படுத்திருந்தாள். ஸ்பூனை உதட்டில் வைத்தான். கஞ்சி கடைவாயில் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"ஏட்டி. நிர்மலா."

கண் திரும்பியது. கண் மட்டும். கையைத் தூக்கி விட்டான், பொத்தென்று விழுந்தது. மூச்சு இருந்தது. உடம்பு சுட்டது. கண்ணில் அவள் முழுசாக இருந்தாள், உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. பிள்ள பெறக்கட்டும் என்று சொன்ன கண் இல்லை இது. அவன் முகத்தையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தது. போ. போய் உடை.

அவன் ஓடினான். சுத்தியலையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தான். முதல் திருகு. ரெண்டாவது வழுக்கியது. விரல் கிழிந்தது. மூன்று. நாலு. கிண்ணம் கையோடு வந்தது.

வாடை இல்லை.

மண் காய்ந்து வெளிறிக் கிடந்தது. வழவழப்பான ஓட்டின் நடுவே வட்டமாக ஒரு துளை, உள்ளிருந்து கடித்துத் திறந்த துளை. டார்ச்சை அடித்தான். பச்சைத் தோல்கள். சுருங்கிய, வெறும், காகிதம் மாதிரித் தோல்கள். வேறொன்றும் இல்லை. உடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த ஈர மண் வாடை இப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

வாசல்படியில் நின்றுவிட்டான். கட்டிலில் அவள் வைத்தபடியே கிடந்தாள். இரைச்சல் நின்றிருந்தது. கண் அவனைத் தேடிப் பிடித்தது. ஓரத்தில் நீர் கட்டி, காதுப்பக்கம் இறங்கியது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

வயிற்றின் மேல் நூல் சேலை ஒரே ஒரு இடத்தில் மட்டும், பென்சில் முனையளவுக்கு எழும்பியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முனை மெதுவாக, அவசரமே இல்லாமல், வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.