கடைசி வகுப்பறைச் சுவர்

புதுச் சுவர் வேர்த்திருந்தது.

மாரி முடிந்து வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பகலில், தோப்பூர்ப் பள்ளிக்கூடத்தின் புது மாடிக் கட்டடத்தில், கீழ்த்தட்டின் கடைசி வகுப்பறையில் சோற்று வாளியை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறச் சாய்ந்த சுஹைராவின் தோளில் அந்த ஈரம் ஒட்டியது. தொட்டுப் பார்த்தாள். சூடாயிருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் பிடரி மாதிரி. கையை மூக்கருகே கொண்டுபோனாள். சீமெந்து வாசமில்லை, பெயின்ற் வாசமுமில்லை. வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்து மடியில் விழும் பிள்ளையின் உச்சந்தலை வாசம். தேங்காய் எண்ணெயும் வேர்வையும் புழுதியும் கலந்தது. தலையணை உறையில் முகம் புதைத்துத் தேடித் தேடி அவள் தீர்த்துவிட்ட வாசம்.

பஸ்லானின் வாசம்.

ஊர் பெருத்துக்கொண்டு வந்ததில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்க இடமில்லாமல் போயிற்று. மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோதும் பக்கத்துப் பழைய மண்டபத்தில் வகுப்பு நடந்தது, வேறு இடமில்லை. முந்தின வருடக் கார்த்திகை மழையில் ஒருநாள் மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் உள்ளே சரிந்தது. மற்றப் பிள்ளைகள் சிராய்ப்புக் காயங்களோடு தப்பினார்கள். சுஹைராவின் மகன் பஸ்லான் தப்பவில்லை. விழுந்த கல்லையெல்லாம் அள்ளிப் புதுக் கட்டடத்தின் தரைக்குள் கொட்டி, மேலே கொங்கிரீட் போட்டு மூடினார்கள். அதிபர் லாபிர் மனம் இளகி, பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். கூடச் சமைப்பவள் ஜெமீலா. அவளுடைய ஒரே மகள் நிப்லா, வகுப்பில் பஸ்லானோடு ஒரே வாங்கில் இருந்தவள். சுஹைராவுக்கும் ஒரு மகள் மிஞ்சியிருந்தாள்: ரிஸ்லா, தரம் ஒன்று.

“எடுத்தவன் அல்லாஹ், ராத்தா. உங்களுக்கு இன்னொண்டு இருக்குத்தானே,” என்று மையத்து வீட்டில் ஜெமீலா அவளைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். சுஹைரா அதை மறக்கவேயில்லை.

சுவர் வேர்த்த அன்றைக்கு, சாப்பாட்டுத் தட்டோடு வந்த நிப்லா அவளுடைய சட்டைக் கையை இழுத்தாள்.

“மாமி, பஸ்லான் இதுக்குள்ள இருக்கான். இன்ரவெல்லுக்கு எங்களோட கதைக்கிறவன்.”

சுஹைரா பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள். தட்டு கீழே விழுந்து சோறு சிதறியது. வாசலில் நின்ற ஜெமீலா அதைக் கண்டாள். குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுஹைரா தனியே திரும்பி வந்தாள். கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. தூரத்தில் வயலில் மெசின் ஓடும் சத்தம். சுவரும் தரையும் சேரும் மூலையில் தலைமயிர்போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவள் முழங்காலிட்டு, முந்தானையை விலக்கிக் காதை வைத்தாள். முதலில் தன் இரத்தம் ஓடும் இரைச்சல். பிறகு, வாயில் எதையோ வைத்துக்கொண்டு சூப்பும் சின்னச் சத்தம். பஸ்லான் நித்திரையில் அப்படித்தான் பெருவிரலைச் சூப்புவான்.

“உம்மா,” என்றது. “பசிக்குது.”

அன்றிலிருந்து பகலில் மிஞ்சும் சோற்றையும் பருப்பையும் குழைத்து, உருண்டை பிடித்து, விரல் பட்டதும் இளகி விரிந்த அந்த வெடிப்புக்குள் தள்ளினாள். உள்ளே விரல் நுனியில் சூடான மூச்சுப் பட்டது. சில நேரம் நாக்கும். ரிஸ்லா வீட்டில் பசியோடு காத்திருப்பாள். சுஹைராவுக்கு அந்த நினைவே வருவதில்லை.

திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று அதிபர் மேசனைக் கூப்பிட்டு வெடிப்பைப் பூசச் சொன்னார். சுஹைரா வாசலில் நின்று பார்த்தாள். சீமெந்துக் கலவையைக் கரண்டியால் அப்பும்போதெல்லாம் உள்ளிருந்து மூக்கடைத்த பிள்ளை விசும்புவது கேட்டது. மேசனுக்குக் கேட்கவில்லை. அவன் பாட்டுப் பாடிக்கொண்டே பூசினான்.

விழா முடிந்தது. ஒரு கிழமைக்குள் சீமெந்து உதிர்ந்து, வெடிப்பு இன்னும் அகலமாய் வாய் பிளந்தது.

“உம்மா, சோறு வேணாம். தனிய இருக்க ஏலாது.”

“நான் வாறன் மகன். உம்மா வாறன்.”

“நீங்க பெரிசு. கொள்ளாது.”

உள்ளே நகம் கீறும் சத்தம்.

“சின்ன ஆளா வேணும்,” என்றது. “தங்கச்சியை விடுவீங்களா?”

“இல்ல.” அது அவளை அறியாமல் வாயைவிட்டு வந்தது. “ரிஸ்லாவைக் கேக்காதே மகன்.”

“அப்ப ஆரு?”

சுவர் காத்திருந்தது. வெளியே கொடிமரத்தில் கயிறு தட்டித் தட்டி ஓய்ந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பேரை அவளே சொன்னாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மறுநாள் சமையலுக்குத் தேங்காய் இல்லையென்று ஜெமீலாவைக் கடைக்கு அனுப்பினாள். நிப்லா குசினி வாசலில் புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது.

“வா மகள். பஸ்லான் என்ன சொல்றான் எண்டு கேட்டுச் சொல்லு.”

பிள்ளை பின்வாங்கினாள். “எனக்கு ஒண்டும் கேக்கல்ல மாமி. நான் பொய் சொன்னனான்.”

“நான் அடிக்கமாட்டன்.”

கையைப் பிடித்தாள். சின்னக் கை. புளிப்பு மணத்தது. நடக்கும்போது நிப்லா இரண்டுதரம் திரும்பிக் குசினியைப் பார்த்தாள். சுவரடியில் குந்தி, மாமியின் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு காதை வைத்தாள்.

சுவர் குழைந்தது. பிசைந்த மா மாதிரி. காது முதலில். பிறகு கன்னம். நிப்லா கத்த வாய் திறந்தாள். வாய்க்குள்ளும் சுவர் போயிற்று. கால் உதைத்தது. நிலத்தில் சரசரவென்று. சுஹைரா கண்ணை மூடவில்லை. பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து, மெல்ல, தள்ளிக் கொடுத்தாள்.

ஒரு செருப்பு மிஞ்சியது. அதை அடுப்பில் போட்டாள். றப்பர் எரிந்த நாற்றத்தின் நடுவே ஜெமீலா தேங்காய்ப் பையோடு வந்து, “நிப்லா எங்க ராத்தா?” என்று கேட்டாள்.

ஊரே தேடியது. கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டார்கள், வயலிலும் வாய்க்காலிலும் இறங்கினார்கள், பொலிசும் வந்து போனது. ஜெமீலா சுஹைராவின் தோளில் விழுந்து அலறினாள். சுஹைரா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “எடுத்தவன் அல்லாஹ்,” என்று சொல்லக்கூட அவளுக்கு நாக்கு வந்தது.

சந்தர்ப்பம் கிடைத்ததும் சுவரடிக்கு ஓடினாள்.

“மகன்? இப்ப நல்லமா மகன்?”

மூச்சு மட்டும்.

“பஸ்லான்?”

“மாமி,” என்றது நிப்லாவின் குரல். “இங்க வேற ஒருத்தருமில்ல, மாமி.”

அதற்குப் பிறகு எத்தனை தரம் போய்க் காதை வைத்தும், கெஞ்சியும், தலையை மோதியும் மகனின் குரல் வரவில்லை. அந்த வாசமும் போய்விட்டது. சுவர் இப்போது புளி மணத்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து ஜெமீலா வேலைக்குத் திரும்பினாள். மெலிந்து, எலும்பாய், வாய் பேசாமல். ஆனால் சில நாளில் முகம் தெளிந்தது. பகலில் ஒரு தட்டுச் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு கடைசி வகுப்பறைப் பக்கம் போய்வந்தாள். வரும்போது கண் மினுங்கியது. சுஹைரா அந்த மினுக்கத்தைத் தன் கண்ணிலேயே கண்ணாடியில் பார்த்தவள்.

அன்றிலிருந்து ரிஸ்லாவைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. வகுப்புக்குக்கூட விடாமல் குசினியிலேயே வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரவில் அவளுக்கு நித்திரை இல்லை.

ஒரு பகல், சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. மூடியை இறக்கினாள். திரும்பினாள்.

ரிஸ்லா இல்லை. ஜெமீலாவும் இல்லை.

ஓடினாள். நீளமான விறாந்தை. வகுப்பு வகுப்பாய்ப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். கடைசி வகுப்புக்காரர் விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

ஜெமீலா சுவரடியில் குந்தியிருந்தாள். ரிஸ்லாவின் தலைமயிரைக் காதோரம் பக்குவமாய் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“நிப்லா எல்லாஞ் சொன்னவ, ராத்தா.”

சுஹைரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ரிஸ்லா அவளைக் கண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“உம்மா, பஸ்லான் நானா கூப்பிடுறான்!”

சுஹைராவுக்கும் கேட்டது. தெளிவாய், ஆசையாய், பஸ்லானின் குரல். அந்தக் குரலின் பக்கம் பிள்ளை காதைத் திருப்பினாள். சுவர் மெல்லப் புடைத்து, ஒரு கன்னத்தின் அளவுக்கு, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.