குரல் வந்தால் போய்விட வேண்டும்

அன்று சாயங்காலம் மொக்கையன் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் பதில் போய்விட்டது.

கேட்டுக்கு வெளியே நின்று பாண்டீஸ்வரி வழக்கம்போல, "பெரியப்பா, இருக்கீங்களா?" என்று கூவினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், வாயில் போட்ட முறுக்கை மென்று விழுங்கிவிட்டுப் பேசலாம் என்று இருந்தார். அதற்குள், "இன்னும் சாகல, போ" என்று கேட்டது. அவருடைய குரல்தான். தினமும் அவளை விரட்ட அவர் சொல்லும் அதே பதில்தான். "சரி பெரியப்பா" என்று அவள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முறுக்கு இன்னும் அவர் வாயில் பாதி அரைபட்டுக் கிடந்தது.

டீவியில் எவனோ பேசியிருப்பான் என்று முடிவு செய்தார். மூளை குழம்புவதெல்லாம் எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் மாதிரி ஆட்களுக்கு. துணை தாசில்தாராக இருந்து ரிட்டயரான மொக்கையனுக்கு அல்ல.

தல்லாகுளத்தில் அந்தத் தெரு முழுக்கவே இப்போது கிழடுகள்தான். பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர் என்று பறந்துவிட்டார்கள். முதியோர் இல்லம் எதற்கு, அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும், நாமே பார்த்துக்கொள்வோம் என்று தெருக்காரர்கள் ஒரு துணைக்குழு ஆரம்பித்திருந்தார்கள். மாத்திரை வாங்கித் தருவார்கள், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு கேட்டிலும் நின்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். மருந்துக்கடை அல் அமீன்தான் தலைவர். அலைவதெல்லாம் தையல்கடை பாண்டீஸ்வரி. இந்தக் கும்பலைக் கண்டாலே மொக்கையனுக்குக் குமட்டும். அடுத்தவன் அடுப்படியை எட்டிப் பார்க்க இவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பார். யாருக்கு யாரடி பெரியப்பா?

சுந்தரம்மாள் வீட்டுச் சாவியையே அவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தாள், மானங்கெட்டவள். மொக்கையன் அவர்களுடைய கூட்டத்துக்கு ஒரே ஒரு தடவை போனார். சாவி கொடுக்கப் போகவில்லை, நிபந்தனை போடப் போனார்.

"கூப்பிடுங்க. குரல் வந்துச்சுன்னா போயிரணும். நான் கூப்பிடாம என் வீட்டுக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"குரல் வரலேன்னா சார்?" என்று அல் அமீன் மெதுவாகக் கேட்டார்.

"வரலேன்னா வந்து பொணத்தத் தூக்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள், ஆபீசில் கிளார்க்குகள் ஆட்டுகிற மாதிரி. அன்றைக்கு அவருக்குப் பரம திருப்தி.

அந்த முறுக்குச் சாயங்காலத்துக்கு மறுநாள், அதே நேரத்தில் அவர் கொல்லையில் கொடியில் காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் பாண்டீஸ்வரி கூப்பிட்டது மெலிதாகக் கேட்டது. இங்கிருந்து கத்தினால் அவளுக்குக் கேட்காது என்று எரிச்சலோடு திரும்பினார். வீட்டுக்குள்ளிருந்து, ஹாலுக்கு நடுவிலிருந்து, "இன்னும் சாகல, போ" என்று அவர் குரல் போனது.

உள்ளே போனார். ஆள் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஹால் முழுக்க அந்துருண்டை நெடி, வேட்டி பீரோவைத் திறந்தால் வருமே அந்த நெடி. படுக்கையறையில் பீரோ ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. பொங்கலுக்கு எடுத்த வேட்டியைக் காணவில்லை. வேலைக்காரிதான் எடுத்திருப்பாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினார், அவளைச் சித்திரையிலேயே துரத்திவிட்டது நினைவுக்கு வரும்வரை. வாசற்கதவைப் போய்ப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள் அது. மேலே தூக்கி, இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டி, அப்புறம் இழுத்தால்தான் வரும். அந்தச் சூட்சுமம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் சாயங்காலம் ஹாலில் நின்று, வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். தெருவில் பஸ் சத்தம் அடங்கி, எங்கோ குக்கர் விசிலடித்து, கொசுக்கள் காதோரம் ரீங்கரிக்க, உள்ளங்கை வியர்வை உதட்டில் கரிக்க, அவள் செருப்புச் சத்தம் வந்து கேட்டில் நின்றது.

"பெரியப்பா, இருக்கீங்களா?"

படுக்கையறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"இருக்கேன்மா. நீ சாப்ட்டியா?"

வெளியே அவள் கேட்டை இன்னும் நெருங்கி வந்தது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. அப்புறம் சிரித்தாள். உள்ளிருந்ததும் சிரித்தது. மொக்கையன் ஜென்மத்தில் ஒருவரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. தன் குரலில் அந்தக் கனிவைக் கேட்டபோது முதலில் வந்தது அருவருப்புதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இரவெல்லாம் ஹாலிலேயே விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். படுக்கையறையில் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுக்கிற மாதிரி.

காலையில் மகனுக்குப் போன் போட எடுத்து, வைத்துவிட்டார். என்ன சொல்வது? வீட்டில் நான் இன்னொருத்தன் இருக்கிறேன் என்றா? அப்பாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று சொல்லிக் கையோடு இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளுவான். பாண்டீஸ்வரியிடம் சொல்ல வேண்டியதுதான். 'உள்ள வந்து பாரும்மா, பயமா இருக்கு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவளிடம் போய் அதைச் சொல்வதா என்று பகல் முழுக்க மருகினார். பொழுது சாய்வதற்கு முன்பே போய்க் கேட்டில் நின்றுகொண்டார்.

அவள் கையில் தூக்குவாளியோடு வந்தாள்.

"என்ன பெரியப்பா, வாசல்லயே நிக்கிறீங்க? இந்தாங்க, அயிரமீன் கொழம்பு."

"எதுக்கு?" தொண்டை கரகரத்தது. இரண்டு நாளாகவே அப்படித்தான், குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"நீங்கதான காலைல சன்னல்ல நின்னு கேட்டீங்க? நாக்கு செத்துப்போச்சு, ஒரு வாய் மீன் கொழம்பு தாயேன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அவர் கெஞ்சினாராம். இந்தத் தையல்காரியிடம், சோற்றுக்கு. பயத்தைச் சொல்லத்தான் வந்து நின்றிருந்தார். கோபம் முந்திக்கொண்டது.

"ஒன் சோத்த எவன் கேட்டான்? பிச்சைக்காரன்னு நெனச்சியா? போடி!"

அவள் முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடந்தாள். கூப்பிட்டிருக்கலாம். தெருமுனைவரை நேரம் இருந்தது. அவர் கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஈரத்தரையில் கன்னம் பட, கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அதன் வழியாக ஹாலின் சிவப்புத் தரை. எழ முடியவில்லை. போன் ஹாலில் இருந்தது. கத்திப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. இருந்த கொஞ்சக் குரலும் எங்கோ போயிருந்தது.

இருக்கட்டும். சாயங்காலம் அவள் வருவாள். கூப்பிடுவாள். குரல் வராது. உள்ளே வந்துவிடுவார்கள். அதுதானே பேச்சு. கதவை உடைத்தாவது வருவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மொக்கையன் ஒருத்திக்காகக் காத்துக் கிடந்தார். நேற்று அவளைத் திட்டியது நெஞ்சை அறுத்தது. வராமல் இருந்துவிடுவாளோ என்று பயந்து அழுதார்.

வந்தாள். செருப்புச் சத்தம். கேட்.

"பெரியப்பா, இருக்கீங்களா?"

பேசாதே, என்று வேண்டினார். யாரை என்று தெரியாமலே. பேசிவிடாதே.

"இருக்கேன்மா." ஹாலிலிருந்து, கணீரென்று. "நேத்து கோவத்துல ஏதோ சொல்லிப்புட்டேன். மனசுல வச்சுக்காத. உள்ள வாம்மா."

தாழ்ப்பாள். மேலே தூக்கும் சத்தம். இடது பக்கம் ஒரு தட்டு. இழுப்பு.

வாசற்கதவு திறந்தது. இடுக்கில் அவளுடைய சேலைக் கரையும் வெடித்த பாதமும் தெரிந்தன. "இம்புட்டு நாள்ல இன்னைக்குத்தான் உள்ள கூப்புட்டுருக்கீங்க. நேத்து கொழம்பத்தான் சுட வச்சுக் கொண்டாந்தேன்" என்று குழைந்தாள். தட்டு வைக்கிற சத்தம். குழம்பு வாசனை அந்துருண்டை நெடியோடு கலந்து வந்தது. மொக்கையன் கையால் துழாவினார். பிளாஸ்டிக் கப் அகப்பட்டது. தரையில் அடித்தார். இன்னொரு தடவை. வாயிலிருந்து முனகல் மட்டும் வந்தது.

"உள்ள என்ன பெரியப்பா சத்தம்? எலி கிலி மாட்டிக்கிருச்சா?"

"ஆமா."

"அய்யோ. உசுரோட கெடக்கா?"

"இன்னும் சாகல. நீ கொழம்ப ஊத்து."

"பாவம்" என்றாள் பாண்டீஸ்வரி.

நாற்காலி நகர்ந்தது. காலடி. அவசரமில்லாத காலடி. இடுக்கில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பொங்கல் வேட்டியின் கரை. அதற்குக் கீழே, போன வருஷம் கேஸ் சிலிண்டர் விழுந்து கறுத்துப்போன கட்டைவிரல் நகம். அவர் தன் காலைப் பார்த்தார். அதே நகம்.

பாத்ரூம் கதவின் வெளித்தாழ் விழுந்தது.

பிறகு ஒரு கை கீழே இறங்கியது. கொடியிலிருந்து அவர் எடுத்துவந்த துண்டு அதில் இருந்தது. இடுக்கின் ஒரு முனையிலிருந்து நிதானமாக அதைத் திணித்துக்கொண்டே வந்தது. வெளிச்சம் குறைந்தது. விரலளவு மிச்சம். அந்த விரலளவில் ஒரு கண் குனிந்து உள்ளே பார்த்தது. எலியைப் பார்ப்பதுபோல.

அவருடைய கண்.