குளத்து மாதிரிகள்

குடுவைக்குள் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே இருக்கும் கனத்த கண்ணாடிக் குடுவை அது. அடியில் நீல மணிகள். மேல் தட்டில், அடுப்பில் காயவைத்து எடுத்த வடிதாள்கள். உள்ளே பொட்டு ஈரம் இருந்தாலும் தாளின் எடை பொய் சொல்லும். ஆனால் கண்ணாடியில், ஒரு குழந்தை மூக்கை வைத்து அழுத்தினால் படியுமே, அந்த அளவுக்கு ஒரு வட்டம் பனித்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. பனிப்பு உட்புறத்தில் இருந்தது.

"சார், இதுல ஈரம் இருக்கு."

பயிற்சியாளர் மூக்கை உறிஞ்சினாரே தவிர நிமிரவில்லை. மழையில் நனைந்து அவருக்குச் சளி பிடித்திருந்தது. "மூடி சரியா உட்கார்ந்திருக்காது. ஓரத்துல கிரீஸ் தடவும்மா. மத்தபடி இந்த பேட்ச்லயே உன் கைதான் சுத்தம்."

கூடப் படிப்பவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டியது. உறிஞ்சு பம்ப் ஒரே சுதியில் உறுமிக்கொண்டிருந்தது. மதியம் குளத்தில் எடுத்து வந்த பாட்டில்கள் மேசை நெடுக வரிசையாக நிற்க, அவற்றிலிருந்து ஊறிய தோலும் அழுகிய முட்டையும் கலந்தாற்போன்ற வாடை எழுந்து அறையின் மூலைகளில் தங்கியது.

அந்த வாடை அவளுக்குப் புதிதல்ல. போன வருடம் காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்து, ஆற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினாள். லேசாக வாடை அடித்தபோதும், குடிக்கலாம் என்று இந்த ஆய்வகமே சொல்லிவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவன் போன பிறகு, அதில் என்னதான் இருந்தது என்று தானே பார்த்துவிடும் வெறியில்தான் இந்தப் பயிற்சிக்கு வந்தாள்.

இன்று படகில் விடை கிடைத்தது. கயிற்றில் பாட்டிலை இறக்குவது, குமிழி விழாமல் நிரப்புவது எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்த பயிற்சியாளர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் நான் இந்தப் பக்கமே வரல, தெரியுமா? நம்ம ஆபீஸ் குழாய்ல பிடிச்சு, குளம்னு லேபிள் ஒட்டிட்டேன். ரிசல்ட் அவ்வளவு சுத்தம். நீங்க யாரும் அப்படிப் பண்ணிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கயிற்றை மட்டும் விரல் நீலம் பாரிக்கும்வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

இப்போது அவர் கை கழுவ எழுந்து போனார். அவருடைய ஃபிளாஸ்க் மேசையிலேயே இருந்தது. அதைத் தொட்டியில் கவிழ்த்தாள். பம்பின் மேல் வடிதாளில் கறுப்பு வண்டலை நிறுத்திவிட்டு, கீழே தெளிந்து இறங்கியிருந்த குளத்து நீரை, அவர் கற்றுக்கொடுத்த அதே நிதானத்தோடு, ஒரு சொட்டு சிந்தாமல் ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். ஒரு மடக்கு. அந்தத் தொண்டையில் ஒரே ஒரு மடக்கு இறங்கினால் போதும்.

அவர் வந்தார். குடித்தார்.

நிறுத்தவில்லை. ஃபிளாஸ்க் காலியாகும்வரை அண்ணாந்தே நின்றார்.

"இன்னும் இருக்கா?" குரல் வறண்டு கிடந்தது. அவள் பதில் சொல்வதற்குள் மேசையிலிருந்த பாட்டில் ஒன்றைத் திறந்துவிட்டார்.

"சார், அது சாம்பிள்."

வண்டலோடு குடித்தார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்தது. சட்டை முன்பக்கம் கறுத்தது. வயிறு பொத்தானைத் தள்ளிக்கொண்டு உப்பியது. கண்கள் அவளைக் கெஞ்சின. கைகள் நிற்கவில்லை.

அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். பச்சைத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது.

"போதும்டா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவரை எப்படி 'டா' போட்டாள்? அந்த மடக்கு. மூன்று சின்ன விழுங்கல், ஒரு இளைப்பு, மறுபடி மூன்று. தலையைத் தாங்கிப் பிடித்துப் பல இரவுகள் கேட்ட சத்தம்.

கையை விட்டாள். பின்னால் நகர்ந்தாள். சுவர்.

பம்ப் தானாக நின்றது. மழைச் சத்தமும் இல்லை.

"அக்கா."

அவருடைய உதடு அசையவில்லை. குரல் அதற்கும் கீழிருந்து வந்தது.

"நீ ஏன்க்கா குடிக்கல?"

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டை வறண்டது. இப்படி ஒரு தாகத்தை அவள் அறிந்ததில்லை.

அவர் வாய் திறந்தது. இன்னும் திறந்தது. விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். தளும்பவில்லை. சிந்தவில்லை.

அதிலிருந்து இரண்டு சின்ன விரல்கள் எழுந்தன. கீழ்ப்பல் வரிசையை உள்ளிருந்து பற்றிக்கொண்டன.