பூட்டுக் கடையைப் பூட்டியது யார்?

காலை பத்தரை. பூட்டுக் கடையின் இணையதளம் செத்துக் கிடந்தது.

உடைத்த தடயம் இல்லை. பாஸ்வேர்டு மாறவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவரின் கடையை யாரோ பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி குற்றவாளியை முடிவு செய்து வைத்திருந்தார்: மனைவியின் தம்பி. இணையத்தில் கடை போட வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும், ஹோஸ்டிங் என்பார்கள். இருப்பதிலேயே மலிவான பிளானைப் பிடித்தவன் அவன்தான்.

"நாளையிலேர்ந்து நீ குடோனுக்குப் போயிடு மாப்ள. கதவுக் கீல் அடுக்கு."

"வாங்கினப்போ கெட்டிக்காரன்னீங்களே மச்சான்."

"அது அப்போ."

கல்லாவின் எதிரே வேறொரு ஹோஸ்டிங் கம்பெனியின் விற்பனைக்காரர். பத்து மடங்கு விலை, மூன்று வருட ஒப்பந்தம். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்த நேரம் முதலாளியின் அக்கா வந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டர், அன்று விடுமுறை. தம்பி தன் தலையில் கட்டிய பீரோ பூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், பேனாவைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?"

"மாசத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்த டேட்டா தீர்ந்துபோச்சாம். ஒண்ணாம் தேதி தானா திறக்குமாம்."

"கூட்டம் அப்படி சார் உங்க கடைக்கு," என்றார் விற்பனைக்காரர். முதலாளியின் முகம் மலர்ந்தது.

"ஆர்டர் கூடியிருக்கா?"

"எப்பவும் போலத்தான்."

"மாசாமாசம் சாகுதா?"

"போன மாசம் மட்டும் பொழைச்சுது அக்கா," என்றான் மைத்துனன். "கடைக்கு பெயிண்ட் அடிச்சோம். பாதி மாசம் ஷட்டரே திறக்கல. ஆன்லைன் ஆர்டருக்குக் குறைவில்ல."

இன்ஸ்பெக்டர் கடையைச் சுற்றிப் பார்த்தாள். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் பெரிய டிவி. அதன் மேல் துண்டு.

"டிவிக்கு என்ன, குளிரா?"

"தளம் இயங்கவில்லைன்னு அதுல தெரியுது. தெருவுல போறவன் படிச்சா மானம் போயிடாதா?"

"அப்போ மத்த நாள்ல ஓடறதும் வெப்சைட்தானா?"

"பின்னே? கதவு திறக்கற வீடியோ. முடிஞ்சதும் பக்கம் தானா மறுபடி முதல்லேர்ந்து திறக்கும். நான் பண்ண ஏற்பாடு." முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒத்துக்கிட்டே. நல்லது." அக்கா துண்டை உருவினாள். "கடை மூடியிருந்தா வெப்சைட் பொழைக்குது, கடை திறந்தா சாகுது. வெளியே வாங்கறவங்க எண்ணிக்கை மாறவே இல்ல. அப்போ டேட்டாவைத் தின்னது கடைக்குள்ளேயே இருக்கு. பக்கம் திறக்கற ஒவ்வொரு தடவையும் அவ்வளவு பெரிய வீடியோ ஹோஸ்டிங் கம்பெனிலேர்ந்து புதுசா இறங்கி வருது. உன் டிவிதாண்டா உன் கடைக்கு வந்த கூட்டம். நாளெல்லாம் நின்னு பாத்திருக்கு, ஒரு பூட்டும் வாங்கல."

விற்பனைக்காரர் பேனாவை மூடினார்.

மைத்துனன் வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றி டிவியின் பின்னால் சொருகினான். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஹோஸ்டிங்கிலிருந்து ஒரு துளி டேட்டா செலவில்லை.

"அதே பிளான் போதும்," என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். "மாப்ள, கல்லாவுல உக்காரு. குடோன் எங்கே ஓடிடப் போகுது."

"கீல்?"

"நானே அடுக்கிக்கறேன்."

அக்காவின் பூட்டு மறுபேச்சில்லாமல் மாற்றித் தரப்பட்டது. விற்பனைக்காரர் பையைத் தூக்கினார். முதலாளி விடவில்லை.

"சார், உங்க வீட்டு வாசலுக்கு என்ன பூட்டு போட்டிருக்கீங்க?"

பதினைந்து நிமிடம் கழித்து அவர் படி இறங்கியபோது கையில் இரண்டு பூட்டு இருந்தது.