தணலில் ஆறிய கத்தி

"என் ஹேர் டிரையர் எங்கேங்க?"

"ஏன் கத்தறே? கார் ஷெட்லதான் இருக்கு."

"ஷெட்ல அதுக்கு என்ன வேலை? உங்க தலையில ஏது முடி?"

கணக்கு வாத்தியார் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பதில் இருந்தது. சொன்னால் சண்டை இன்னும் பெரிதாகும்.

"கரி ஊதறதுக்கு எடுத்தேன்..."

"அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். அவ ஈரத் தலையோட நிக்கிறா. நீங்க கரிக்குத் தலை காய வெக்கிறீங்க!"

உண்மைதான். வாத்தியாரின் ஷெட்டில் கார் கிடையாது. செங்கல் அடுக்கிய ஓர் உலை, தண்டவாளத் துண்டு ஒன்று, பழைய அரங்கள் ஒரு குவியல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரத்தைச் சிவக்கக் காய்ச்சிக் கத்தியாக அடிப்பார். கத்தியின் முதுகில் களிமண் பூசித் தண்ணீரில் முக்குவார். ஜப்பான்காரன் அப்படித்தான் செய்வானாம். கற்றுக்கொடுத்தது யார்? யாருமில்லை. வீடியோதான். தெருவே அவரை 'சாமுராய்' என்று கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால்தான்.

அவர் கத்தியை மெச்சிய ஒரே ஆள், மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் தங்கை மகன். மாமாவோடு தங்கியிருந்த ஏசி மெக்கானிக். "சார், இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது" என்பான். வாத்தியார் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

"இன்னைக்கே அந்த உலையை இடிக்கிறீங்க. இல்லேன்னா..."

இல்லாவிட்டால் என்ன என்று தெரியாமலே போயிற்று.

மாடியிலிருந்து ஓர் அலறல்.

"மாமா... எழுந்திருங்க மாமா..."

மெக்கானிக்கின் குரல்.

தெருவே படியேறியது. படுக்கையில் வீட்டுக்காரர். போர்வை கலையவில்லை. கன்னம் இரண்டும் குங்குமம் தடவின மாதிரி சிவந்திருந்தன.

"ராத்திரி கடையிலேயே படுத்துட்டேன்... காலைல வந்து பாத்தா..." மெக்கானிக் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பக்கத்துத் தெரு டாக்டர் நாடி பார்த்தார். "தூக்கத்துலேயே போயிட்டார். ஹார்ட்தான். ஜன்னலைத் திறங்க, மூச்சு முட்டுது."

அங்கே நின்ற எல்லாருக்கும் தலை வலித்தது. துக்கம் என்று நினைத்தார்கள்.

வாத்தியார் ஜன்னல்களைப் பார்த்தார். எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. ஏன் சாத்தினார்? இவருடைய சுத்தியல் சத்தம் தாங்காமல்.

வாத்தியார் குனிந்து தரையைப் பார்த்தார்.

அடித்த இரும்பு இளக வேண்டுமானால் தணலுக்குள் புதைத்து, இரவு முழுக்க மெல்ல ஆற விட வேண்டும். நேற்றும் புதைத்திருந்தார். உலை நிறையத் தணல். அதற்கு நேர் மேலே இந்தப் படுக்கை. கரித் தணலின் காற்று கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறையில் கன்னத்தைச் சிவக்க வைத்து, ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். ஒவ்வொரு வீடியோவும் இந்த எச்சரிக்கையோடுதான் ஆரம்பிக்கும். அவர் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்.

சமையலறையில் மனைவியிடம் சொன்னார்.

"நான்தான் கொன்னுட்டேன்."

அவள் கதவைச் சாத்தினாள். "வாயை மூடுங்க. டாக்டரே ஹார்ட்டுன்னு சொல்லிட்டார்."

"டாக்டருக்கு உலை தெரியாதே."

"உங்களுக்குப் பொண்ணு தெரியுமில்ல? அப்பன் ஜெயில்ல இருக்கான்னா எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் வருவான்?"

வாத்தியார் வாசலுக்கு வந்தார். மெக்கானிக் தோளில் கை வைத்தான்.

"ஏன் சார் இப்படி இருக்கீங்க?"

"தம்பி... என் தணல்தான்..."

"சீ, என்ன சார் பேசறீங்க. மாமாவுக்கு வயசாச்சு. இதைப்போய் வெளியில சொல்லாதீங்க. பாப்பா கல்யாணத்தை நினைங்க. சாயங்காலம் எடுத்துடுவோம், அதோட முடிஞ்சுது."

மாமாவைப் பறிகொடுத்தவன் நமக்கு ஆறுதல் சொல்கிறானே. வாத்தியாருக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை வீட்டிலேயே இருந்திருப்பார்.

செருப்பை மாட்டினார். நேரே போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரைக் கொன்னுட்டேன் மேடம்."

"எதால?"

"ஜப்பான் கத்தியால."

டீ மேஜையில் இறங்கியது. "எங்கே குத்தினீங்க?"

"குத்தல மேடம். ஆற வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார். மனைவி தடுத்ததை மட்டும் விட்டுவிட்டார்.

கேட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் அம்மா போனை எடுத்து, உடலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த நிமிடமே ஜீப் கிளம்பியது.

ஷெட்டில் உலை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா குனிந்து பார்த்தார். "காத்து வெளியே போக வழி?"

"இந்தத் தகரக் குழாய் மேடம். வெளிச்சுவரோட மொட்டை மாடி வரைக்கும் போகுது."

"குழாய் இருக்கறப்போ ரூமுக்குள்ள எப்படிப் போச்சு?"

வாத்தியார் விழித்தார். பயத்தில் அந்தக் கணக்கை மட்டும் அவர் போடவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் ஏணி போட்டு ஏறினார். வீட்டுக்காரரின் படுக்கையறைச் சுவர் அருகே நின்றார்.

"மேடம், இங்க குழாயைக் கழட்டி, சுவத்துல இருக்கற ஏசி ஓட்டைக்குள்ள திருப்பி விட்டிருக்கு. மேல போற வழியில கறுப்பு ஸ்பாஞ்ச் அடைச்சிருக்கு. சுத்தி வெள்ளி டேப்."

"ஏசிக்காரங்க ஒட்டற டேப்பா?"

"அதேதான் மேடம்."

"வாத்தியாரே, இந்தக் குழாயை மாட்டினது யாரு?"

"வீட்டுக்காரரோட தங்கச்சி பையன்... போன வாரம். புகை உங்களுக்கு ஆகாது சார்னு சொல்லி சும்மாவே போட்டுக் கொடுத்தான்." வாத்தியார் குழாயை அண்ணாந்து பார்த்தார். "நேத்து அவன்தான் சொன்னான். அவசரப்படாதீங்க சார், ராத்திரி முழுக்க ஆறட்டும், அப்பதான் ஜப்பான் தரம் வரும்னு..."

எல்லாரும் திரும்பினார்கள்.

மெக்கானிக் கேட் வரை போயிருந்தான். கேட்டில் இன்னொரு கான்ஸ்டபிள்.

"கூட்டம் கலைஞ்சதும் கழட்டலாம்னு இருந்தே, இல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

அவன் தரையைப் பார்த்தான். "வீட்டை வித்துட்டு ஊருக்குப் போறேன்னார் மேடம். வாரிசு நான் ஒருத்தன்தான், நான் எங்கே போவேன்? வாத்தியார் வாயை மூடிட்டு இருந்தா ஹார்ட்தான்..."

"அவர் மூடலையே."

வாத்தியார் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"தம்பி... அப்போ என் கத்தி மியூசியத்துல இருக்க வேண்டியதுன்னு சொன்னியே?"

மெக்கானிக் ஜீப்பில் ஏறினான். கொலையைக்கூட ஒப்புக்கொண்டவன், இதற்கு வாய் திறக்கவில்லை.

பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. கரிக் காற்று.

பெண்ணின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தன்மேல் தானே புகார் கொடுத்த சம்பந்தி வேறு யாருக்குக் கிடைப்பார் என்று மாப்பிள்ளையின் அப்பாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மணமக்கள் வெளிநாட்டில் குடியேறினார்கள். போகும்போது புது ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டார்கள். மாமனார் கொடுத்த கத்தியை மறந்துவிட்டார்கள். விமானத்தில் விட மாட்டார்களாம்.

அந்த வீட்டில் இருக்க மனம் வராமல் வாத்தியாரும் மனைவியும் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். உலையைத் தன் கையாலேயே இடித்தார். "மாட்டினது அவன். ஆனா தணல் என்னுதுதானே" என்று சாப்பாட்டில் கை வைத்தபடி இன்றைக்கும் சொல்கிறார். மனைவி குழம்பை ஊற்றுகிறாள்.

கத்திகள் அலமாரியில் இருக்கின்றன. உலகத்திலேயே அவற்றுக்கு இருந்த ஒரே ரசிகன் சிறையில் இருக்கிறான். போய்க் காட்டலாமென்றால், அங்கே கத்தியை உள்ளே விடுவதில்லை.