ருசி பார்த்த கையெழுத்து

புதன்கிழமை, காலை 7.50.

அறுபத்திரண்டு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் வாளி முதல் வரிசைக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியை மஹ்பூபா வழக்கம்போல ஒரு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"யாரும் வாயில வைக்காதீங்க! தட்டக் கீழ வைங்க!"

அண்டாவைக் கிளறியதும் நுரை மேலே வந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் தூள். கை தவறி விழுந்த அளவு இல்லை, அரை டப்பா.

காலை 8.40.

சப்-இன்ஸ்பெக்டர் ஏஞ்சல் ஜீப்பை விட்டு இறங்கும்போதே எரிச்சலில் இருந்தாள். காரணம் சாம்பார் இல்லை, பிரவின்ராஜ். இருவரும் ஒரே பேட்ச். பேறுகால விடுப்பு முடிந்து வரும் பெண் போலீசுக்குப் பெற்றோர் இருக்கும் ஊரிலேயே வேலை என்ற உத்தரவால் அவள் சங்கரன்கோவிலுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்து பார்த்தால் குற்றப் பிரிவு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான். இன்று காலைகூட முப்பது பவுன் நகைத் திருட்டு அவனுக்குப் போயிற்று. "சாம்பார் விஷயம்தானே, ஏஞ்சல் போகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பிரவின்ராஜைப் பார்த்துச் சிரித்து, ஆல் தி பெஸ்ட் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

கூட வந்தவர் ஏட்டு உச்சிமாகாளி. ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. டீக்கடை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை எந்த ஊரிலும் முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

மஹ்பூபா டீச்சர் விஷயத்தை நேராகச் சொன்னார். காலை உணவு சமைப்பது மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். முருகம்மாள் மூன்று வருஷமாக இருக்கிறாள். இசக்கிசெல்வி வந்தது இந்த ஜூனில்தான். சமைக்கிறவளின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் அம்மாவும் அடுப்படியை விட்டுப் போக வேண்டும். அந்த இடம் குழுவில் வேறொருத்திக்கு.

"சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடுது மேடம். இசக்கிசெல்விய எடுத்துரணும்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கும் வேற வழி தெரியல."

"ஏன் அவள மட்டும்?"

டீச்சர் ஒரு நோட்டை நீட்டினார். ருசி பார்க்கும் பதிவேடு. சமைத்தவர்களில் ஒருவர் முதலில் ருசி பார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் முறை. இன்று முருகம்மாளின் முறை. 7.15, நன்று, கையெழுத்து.

"ஏழேகாலுக்கு நல்லா இருந்த சாம்பார் ஏழு அம்பதுக்குச் சோப்பாயிட்டு. அந்த நேரம் பூராவும் முருகம்மா ஹால்ல என் கண்ணு முன்னால பாய் விரிச்சு, தட்டு கழுவி வச்சுக்கிட்டு இருந்தா. அடுப்படியில இருந்தது இசக்கி மட்டுந்தான்."

காலை 9.05. அடுப்படி.

இசக்கிசெல்விக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அழுது முடித்து, அழுவதற்கு மிச்சமில்லாமல் நின்றாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. மகள் ஒன்றாம் வகுப்பு. ஒன்பது மணிக்கு இங்கே வேலை முடிந்தால் தறிக் கொட்டகைக்குப் போய் நூல் சுற்றுவாள்.

"எத்தன மணிக்கு வந்தே?"

"ஆறு மணிக்கு மேடம். அக்காவும் அப்பந்தான் வந்தாவ."

"சாம்பாரை நீ ருசி பார்க்கலையா?"

"தாளிக்கதுக்கு முன்னால பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஏழு மணிக்கு எறக்கி மூடி வச்சேன். பிறவு வெளிக்குழாய்க்குப் போயி ரெண்டு குடம் தண்ணி எடுத்தேன். வந்து பொங்கலக் கிண்டுனேன். சாம்பாரத் தொடவே இல்ல."

"தண்ணி எடுக்க எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும். வரயில அக்கா நோட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாவ."

"உன் மேல யாருக்காவது கோவமா?"

அவள் தயங்கினாள். "எங்க குழு விஜிதா பேசமாட்டா. இந்த வேலைக்குக் குலுக்கல்ல என் பேரு வந்ததுல இருந்து."

உச்சிமாகாளி ஐந்து டீயும் உளுந்த வடையும் வாங்கி வந்தார். விசாரணையில் டீ உள்ளே போனால் உண்மை வெளியே வரும் என்பது அவர் கொள்கை.

அடுத்து முருகம்மாள். முப்பத்தைந்து வயது, நெற்றி நிறையக் குங்குமம், பணிவான பேச்சு.

"தங்கமான புள்ள மேடம் இசக்கி. அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது. போன மாசம் அதிகாரி வந்து கிச்சடியச் சாப்புட்டு, யாரு சமைச்சதுன்னு கேட்டு, அவளக் கூப்புட்டுப் போட்டோ எடுத்தாவன்னா பாத்துக்கிடுங்களேன். வந்து ஒரு மாசந்தான்."

"ஏழேகாலுக்கு ருசி பாத்தியளா?"

"பாத்தேன் மேடம். உப்பு ஒரு கல்லு தூக்கல், அவ்வளவுதான். நல்லாத்தான் இருந்துச்சு. பிறவு ஹாலுக்குப் போயிட்டேன். அவ ஒத்தையில பதட்டப்பட்டு என்னத்தத் தட்டி விட்டாளோ, பாவம். கோயிலுக்குப் போணும், போட்டுமா மேடம்?"

கடைசியில் விஜிதா. ஏழரைக்குப் பிள்ளையை விட வந்தவள். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள்.

"ஆமா, எனக்கு வயித்தெரிச்சல்தான். இல்லன்னு சொல்லல. குலுக்கல்ல ஒரு சீட்டுல போச்சு. அதுக்காகச் சோப்பப் போடுவனா? என் புள்ளையும் அந்தப் பந்தியிலதான் இருந்தான். அடுப்படி வாசல் பக்கமே நான் போவல, டீச்சரக் கேளுங்க."

"அவசரமா எங்க போற?"

"ஆடித்தபசுத் திருவிழா வருதுல்லா மேடம். கொடியேறுன நாள்ல இருந்து நானும் முருகம்மாக்காவும் கோயிலச் சுத்துதோம். நூத்தியெட்டுச் சுத்து வேண்டுதல். எனக்கு வீட்ட விட்டு எறங்கும்போதே ஒரு காப்பியாவது வேணும். அக்கா மாதிரி நம்மளால முடியாதுப்பா."

அவளும் போனாள். மிச்சமிருந்த ஒரு டீயை உச்சிமாகாளி குடித்தார், ஆறிப் போய்விட்டது என்று குறைபட்டுக்கொண்டே.

பகல் 12.30. ஸ்டேஷன்.

ஏஞ்சல் மூன்று வாக்குமூலங்களையும் மறுபடி மறுபடி படித்தாள். எப்படிப் படித்தாலும் 7.15 என்ற கையெழுத்தில் போய் முட்டியது. அதற்குப் பிறகு அண்டா பக்கம் இருந்தது இசக்கிசெல்வி ஒருத்திதான். தன் பிழைப்பில் தானே யாராவது சோப்பைக் கொட்டுவார்களா?

பிரவின்ராஜ் வெயிலில் கறுத்துப் போய் உள்ளே வந்தான்.

"என்ன ஏஞ்சல், சாம்பார் கேஸ் முடிஞ்சுட்டா?"

"உனக்கு நகை கிடைச்சுட்டா?"

"எங்க! கேஸ் மேல கேஸா நாலு நாளா வீட்டுக்குப் போவல. பெரியவன் என்னையப் பாத்து யாருன்னு கேப்பான் போல. நீங்க குடுத்து வச்சவுக. ஒரு வருசம் புள்ளையோட இருந்திய. என் வீட்டுக்காரி அதச் சொல்லிச் சொல்லியே என்னையக் கொல்லுதா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. அட, இவனுக்குமா என்று ஏஞ்சலுக்குத் தோன்றியது. அந்த ஒரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. அதைப் போய் ஒருவன் பொறாமைப்படுகிறான். வெளியே சொல்லாமல் வேறு வைத்திருக்கிறான்.

தானும் அப்படித்தானே? பிரவின்ராஜ் மேல் இத்தனை எரிச்சல் இருந்தும் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் கெட்டிக்காரன் என்றுதான் சொல்வாள். விஜிதா போல வாய்விட்டுச் சொல்கிறவளைத் தேடி என்ன பயன்? இன்று காலை இசக்கிசெல்வியை வாயாரப் புகழ்ந்தது யார் என்று யோசித்தாள்.

"ஏட்டையா, அந்த முருகம்மாளக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க. கோயில்லதான் இருப்பா."

பகல் 1.10.

உச்சிமாகாளி தனியாகத் திரும்பி வந்தார்.

"வரமாட்டேங்கா மேடம். இன்னும் ஆறு சுத்து இருக்காம். மயங்கி விழுந்துருவ, ஒரு மடக்கு மோராவது குடின்னேன். அன்னன்னைக்குச் சுத்து முடியாம பச்சத்தண்ணி பல்லுல படாதாம். கொடியேறுன நாள்ல இருந்து அப்படித்தானாம்."

ஏஞ்சல் நிமிர்ந்தாள். அவள் வளர்ந்தது சர்ச்சுக்குப் போகிற வீட்டில். ஆடிச்சுற்றின் விதிமுறை அவளுக்குத் தெரியாது. ஆனால் விரதம் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை அன்று அவள் அம்மா எச்சில் விழுங்கக்கூட யோசிப்பாள்.

"காலையில அஞ்சு டீ வாங்குனியள்ல? எனக்கு, டீச்சருக்கு, இசக்கிக்கு, விஜிதாவுக்கு. அஞ்சாவது யாருக்கு?"

"முருகம்மாளுக்குத்தான். அவ தொடல, நான் குடிச்சேன்." உச்சிமாகாளி சொல்லி வாயை மூடுமுன் ஏஞ்சல் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

பிற்பகல் 3.15. பள்ளி அடுப்படி.

மஹ்பூபா டீச்சர், இசக்கிசெல்வி, முருகம்மாள். மேசையில் பதிவேடு விரிந்திருந்தது.

"சுத்து முடிஞ்சுதா முருகம்மா?"

"முடிஞ்சுது மேடம். நூத்தியெட்டும் ஆச்சு." முகம் வாடியிருந்தாலும் ஒரு நிறைவு இருந்தது.

"யாருக்கு வேண்டுதல்?"

"மவனுக்கு. மூச்சிழுப்பு இருக்கு அவனுக்கு. மாத்திரையாத் திங்கான்."

"விரதம் ஒரு நாளும் கலையலையே?"

"ஒரு நாளும் கலையல. காலையில எந்திரிச்சதுல இருந்து சுத்து முடியுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

"இன்னைக்கும்?"

"இன்னைக்கும்."

ஏஞ்சல் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

"அப்போ ஏழேகாலுக்குச் சாம்பாரை ருசி பார்த்த நாக்கு யாருது?"

இசக்கிசெல்வி முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு மெல்ல முருகம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். ருசி பாத்தது உண்மைன்னா விரதம் கலைஞ்சு போச்சு, நூத்தியெட்டுச் சுத்தும் வீண். விரதம் உண்மைன்னா இந்தக் கையெழுத்து பொய். நான் எத எழுதட்டும்?"

ருசி பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். முருகம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். மகனின் மூச்சு அந்த வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விரதம் கலையல மேடம்" என்றாள்.

"ருசி பார்க்காம கையெழுத்துப் போட்டா அது விரதத்துக்காகச் சொன்ன பொய்னு விட்டுருவேன். ஆனா உப்பு ஒரு கல்லு தூக்கல்னு என்கிட்டச் சொன்னிய. நாக்குல படாத சாம்பார்ல உப்பு எப்படித் தெரிஞ்சுது? அந்த ஒரு பேச்சுதான் உங்களை ஹால்லயும், இவளை அண்டா பக்கத்துலயும் நிறுத்துச்சு. சாம்பார் கெட்டது ஏழேகாலுக்குப் பிறகு இல்ல. அதுக்கு முன்னால, இவ குழாயடியில நின்ன பத்து நிமிசத்துல. அப்ப இங்கன இருந்தது நீங்க மட்டும்."

முருகம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர் ருசி பாக்காம புள்ளைகளுக்குக் குடுக்க மாட்டாவன்னு தெரியும் மேடம். என் மவனும் அந்த வரிசையிலதான் இருந்தான். சத்தியமா யாரையும் கொல்லணும்னு இல்ல."

"இவ போனா உங்களுக்கு என்ன கிடைக்கும்? உங்க மகன் அஞ்சாவது. ஏப்ரலோட நீங்களும் போகணும். இவ இடம் உங்களுக்கு வராதே."

"ஒண்ணும் கிடைக்காது. அது எனக்குத் தெரியாதா? மூணு வருசம் இந்த அடுப்புல வெந்தவ நான். பருப்பு வேகுற பதம் இவளுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். வந்து ஒரு மாசத்துல போட்டோ இவளுக்கு. எனக்கு இன்னும் எட்டு மாசம். இவளுக்கு இன்னும் அஞ்சு வருசம். தினமும் இவ மவ ஒண்ணாம் வகுப்பு வரிசையில நிக்கதப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சு பத்திக்கிட்டு வரும். எனக்கில்லாதது இவளுக்கும் வேண்டாம்னு தோணிட்டு."

ஏஞ்சல் பேனாவை எடுத்தாள். உடனே எழுத முடியவில்லை. பிரவின்ராஜின் நகை கேஸ் ஊத்திக்கொள்ள வேண்டும் என்று இன்று காலை அவளும் நினைத்தாள். அவளுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்? ஆனால் அவள் நினைத்ததோடு நின்றாள். முருகம்மாள் கை வைத்தது அறுபத்திரண்டு பிள்ளைகளின் தட்டில். எழுதத் தொடங்கினாள்.

மஹ்பூபா டீச்சர் இசக்கிசெல்வியின் தோளைத் தொட்டார். "நாளைக்குக் காலையில நீ வந்துருட்டி. கூட்டத்துல நான் பேசிக்கிடுதேன்."

இசக்கிசெல்வி தலையாட்டினாள். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. முருகம்மாள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"யக்கா, என்னையப் பாத்தா பொறாமப்பட்டிய? நாந்தான் தினமும் ஒங்களப் பாத்து வெந்துக்கிட்டு இருந்தேன். காலையில ஒங்க வீட்டுக்காரவுக வண்டியில கொண்டாந்து விட்டுட்டு, நீங்க உள்ள போற வரைக்கும் நின்னு பாப்பாவ. என்னைய அப்படி நின்னு பாக்க ஒரு ஆளு இருந்தா இந்த அஞ்சு வருசத்தையும் தூக்கிக் குடுத்துருவேன்னு நெனப்பேன்."

முருகம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

உச்சிமாகாளி வந்து ஜீப் ரெடி என்றார். நாலு மணிக் கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கேட்டுக்கு வெளியே ஒருவன் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முருகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், பின்பக்கமா ஒரு வழி இருந்தா அப்படிக் கூட்டிட்டுப் போயிருங்களேன்" என்றாள்.