உள்மூச்சு

மெஷினை நிறுத்திய பிறகும் பொலித்தீன் சுவர் அசைந்துகொண்டிருந்தது.

ரஜிதா சோற்றுப் பொட்டலத்தைப் பாதி பிரித்தபடி முன் விறாந்தையிலிருந்து அதைப் பார்த்தாள். பின்னறை வாசலை மறைத்து மேலிருந்து கீழ்வரை ஒட்டிய தடித்த பொலித்தீன் அது. அறைக்குள் இருக்கும் மெஷின் உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி, வடிகட்டி, குழாய் வழியாக வெளியே தள்ளும். அது ஓடும்போது பொலித்தீன் அறைப்பக்கம் வளைந்து விறைப்பாக நிற்கும். அப்படி நின்றால் உள்ளேயிருக்கும் தூசி ஒரு துளிகூட வெளியே வராது என்று அர்த்தம். இப்போது கூட வேலை செய்யும் லோஜன், டீசல் ஊற்றுவதற்காக மெஷினை ஓட்டும் ஜெனரேட்டரை அணைத்திருந்தான். பொலித்தீன் தொய்ந்து தொங்கவேண்டும். தொங்கியது. பிறகு மெல்ல உள்ளே போனது, திரும்பி வந்தது, மறுபடியும் உள்ளே போனது.

"அண்ணே, பொலித்தீன் ஆடுது."

"காத்து, தங்கச்சி" என்றார் சதீஸ்குமார், பருப்பைச் சோற்றில் பிசைந்தபடி. இந்த மூவர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பழைய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் தகடு கழற்றுவதும், ஈயம் கலந்த பழைய பெயின்டைச் சுரண்டி எடுப்பதும் அவருடைய தொழில். கொழும்பில் பயிற்சி எடுத்தவர். அதை நாளைக்கு ஒரு தரமாவது சொல்லாமல் விடமாட்டார்.

"காத்து எப்பிடி வரும்? ஓட்டையெல்லாம் நீங்கதானே டேப் போட்டு அடைச்சீங்க?"

"அப்ப எலி."

"எலி சுவத்தையா இழுக்கும்?"

"அதுக்கும் இழுப்பு வந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ரஜிதாவின் மகன் மதுரனுக்கு நாலு வயது; மூச்சிழுப்பு நோய். போன மாதம் இராத்திரி முழுக்க அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அம்மா என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்ட டொக்டர் அம்மா, பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தத் தூசி ஒரு துளி வீட்டுக்கு வந்தாலும் இந்த நெஞ்சு தாங்காது" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ரஜிதா வேலை முடிந்து தோல் எரியுமளவு தேய்த்துக் குளிக்கிறாள். வேலையை விட்டுவிடலாம், ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில் அவன் மருந்து வாங்க முடியாது. ஆகவே பயத்தை வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள்.

இப்போது வேலை நடக்கும் வீடு டிக்கோயாவுக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் குடியிருந்த வீடு. வாங்கியவர் அதை வெள்ளைக்காரர் தங்கும் விடுதியாக்கப் போகிறார். நாலு அறைகளுக்கு அஸ்பெஸ்டஸ் சீலிங், மூன்று முடிந்துவிட்டது. மிச்சம் இந்தப் பின்னறைதான். அதைத் திறக்கத்தான் படாதபாடு பட்டார்கள். பூட்டு இல்லை. ஆனால் கதவு இடுக்கு முழுவதும் கந்தல் துணி திணித்து, அதன்மேல் பெயின்ட் பூசி, அதற்கும் மேல் இன்னொரு தடவை பூசியிருந்தது. கைப்பிடியில்லாத அந்தக் கதவின் சாவித் துவாரத்தில்கூட மெழுகு.

"நமக்கு முந்தியே ஒரு கம்பெனி வந்து அடைச்சிட்டுப் போயிருக்கு" என்று காலையில் சதீஸ்குமார் சிரித்தார். ரஜிதாவும் சிரித்தாள். ஆனால் அடைத்தது வெளிப்பக்கத்திலிருந்து என்பது அவள் மனதைவிட்டுப் போகவில்லை.

லோஜன் ஜெனரேட்டரை முடுக்கினான். பொலித்தீன் படக்கென்று விறைத்துக்கொண்டது. சரியாகிவிட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் சாய்ந்ததும் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்மலை போனது, பிறகு தேயிலைச் சரிவு, பிறகு வாசலில் நின்ற சவுக்கு மரங்கள். தகடுகளை ஏற்ற வந்த லொறிக்காரன் வழி தெரியாமல் கீழ்முடக்கில் நிற்பதாகப் போன் வந்தது.

"ரெண்டு தகடுதான் பாக்கி" என்றார் சதீஸ்குமார். "நான் போய் லொறியக் கூட்டிட்டு வர்றேன். நீ உள்ள போய் நனைச்சு மட்டும் வையி. தனியா கழட்டிறாத."

நனைப்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். காய்ந்த தகடு தூசி விடும். ஈரத் தகடு விடாது. ரஜிதா வெள்ளை உடுப்பைத் தலை வரைக்கும் இழுத்து மூடி, மாஸ்க்கை இறுக்கி, தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் உடுப்புக் கழற்றவும் கழுவவும் அடுத்தடுத்துக் கட்டியிருந்த இரண்டு பொலித்தீன் தடுப்புகளையும் தாண்டி உள்ளே போனாள்.

உள்ளே எல்லாம் பால்நிறமாக இருந்தது. சுவர்களிலும் தரையிலும் பொலித்தீன். நெற்றி விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுக் கலங்கியது. தெளிக்கும் சவர்க்காரத் தண்ணீரின் வாடை மாஸ்க்குக்குள் வராது, றப்பர் வாடை மட்டுமே வரும். காதுக்குள் தன் மூச்சே பெரிதாகக் கேட்கும், வேறு எதுவும் கேட்காது. மேலே மூலையில் மிஞ்சிய இரண்டு தகடுகள். அவற்றுக்கும் கூரைக்கும் நடுவே கருப்பாக ஓர் இடைவெளி. அவள் அதைப் பார்க்காமல் தகடுகளைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டுமளவு தெளித்தாள்.

ஜெனரேட்டர் இருமியது. நின்றது.

மெஷினின் இரைச்சல் மெல்ல இறங்கி அடங்க, நாலு சுவரின் பொலித்தீனும் தொய்ந்தது. வெளியே லோஜன் கயிற்றை இழுத்து முடுக்குவது தூரத்தில் கேட்டது. பற்றவில்லை. மறுபடி இழுத்தான். பற்றவில்லை. மெஷின் நின்றால் யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது சதீஸ்குமாரின் சட்டம். அவள் திரும்பினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

முதலில் தன் மூச்சு என்றே நினைத்தாள். மூச்சை அடக்கினாள். சத்தம் அடங்கவில்லை. மெல்லிய விசில். உள்ளே இழுக்கும்போது கடைசியில் ஒரு கீச்சு. பிறகு ஒரு சின்னத் தடுக்கல், விலாவுக்குக் கீழே சதை குழியும்போது வருமே, அந்தத் தடுக்கல். மூன்று வருடமாக இராத்திரிகளில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமான சத்தம்.

காலையிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். லோஜன் இரண்டு தரம் விரட்டினான். ஒன்று உள்ளே நுழைந்திருந்தால்? இந்தத் தூசிக்குள்? எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியவில்லை; மாஸ்க்குக்குள் இரையும் மூச்சில் திசை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. செய்யவே கூடாத வழி. மாஸ்க்கின் ஓரத்தை விரலால் நெம்பித் தூக்கினாள்.

குளிர்ந்த காற்று தாடையில் பட்டது. சவர்க்கார வாடை இல்லை. பழைய கம்பளியும் யூக்கலிப்டஸ் தைலமும் கலந்த வாடை. பலநாள் நோயாளி படுத்த அறையின் வாடை.

"யாரு? யாரு புள்ள உள்ள?"

விசில் நின்றது. உடனே முன்னைவிட வேகமாகத் தொடங்கியது, திணறித் திணறி, காற்றுக்குக் கெஞ்சுவதுபோல. பாவம் என்று இருந்தது அவளுக்கு. பயத்தையும் மீறி, சத்தியமாகப் பாவம் என்றுதான் இருந்தது. வாய் தன் பழக்கத்தில் தானே பேசியது.

"பயப்படாத சாமி. மெதுவா இழு. மெதுவா."

திணறல் நின்றது.

அது மெதுவாக இழுத்தது.

நாலு சுவரின் பொலித்தீனும் ஒன்றாக அசைந்தது. சுவரைவிட்டு விலகி அறைக்குள் வளைந்தது. தெளிப்பானின் ஈரப்புகை தரையிலிருந்து எழும்பி, மூலையை நோக்கி, அந்தக் கருப்பு இடைவெளியை நோக்கிப் போனது. அவளுடைய வாயிலிருந்த மூச்சும் போனது. அவள் விடவில்லை, அது எடுத்துக்கொண்டது.

மாஸ்க்கை முகத்தில் அறைந்து அழுத்தினாள்.

ஜெனரேட்டர் பற்றிக்கொண்டது. மெஷின் இரைந்தது. மூலையில் யாரும் இல்லை. இரண்டு தகடுகள் மட்டும். இப்போதுதான் சொட்டச் சொட்ட நனைத்த தகடுகள். வெள்ளையாக, சாம்பல்போல, காய்ந்து கிடந்தன.

பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு ஓடத்தான் மனம் சொன்னது. கத்தி இடுப்பிலேயே இருந்தது. கிழித்தால் தூசி வரும். உடுப்போடு, முடியோடு, வீட்டுக்கு. மதுரனிடம். கை கத்தியில் பட்டது. உடனே பின்வாங்கியது.

முதல் தடுப்பு. உடுப்பைக் கழற்ற வேண்டும். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்ட வேண்டும். ஜிப் மாட்டிக்கொண்டது. அழுதாள். இழுத்தாள். வந்தது. பையில் போட்டாள். கட்டினாள்.

இரண்டாவது தடுப்பு. தண்ணீர். ஐஸ். தலை, கழுத்து, காது. மாஸ்க்குக்கு மேலேயே ஊற்றினாள். பின்னால் தடுப்புத் திரை தொங்கியது. மெஷின் ஓடும்போது திரை அறைப்பக்கம் போகவேண்டும். அது இவள் பக்கம் புடைத்தது. இடுப்புக்குக் கீழே. ஒரு பிள்ளையின் தலை உயரத்தில். உருண்டையாக.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கழுவினாள். ஒரு விரலையும் விடாமல் கழுவினாள்.

வெளியே வந்தபோது சதீஸ்குமார் லொறிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் நிறுத்தினார்.

"என்னா தங்கச்சி, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?"

"மாஸ்க்கக் கொஞ்சம் தூக்கிட்டேண்ணே."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூச்சு."

"ஒரு மூச்சுல ஒண்ணும் ஆவாது. நல்லா குளிச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார். சொல்லிக்கொண்டே அரை அடி பின்னால் நகர்ந்ததை அவள் பார்த்தாள். அந்த ரெண்டு தகட்டையும் இன்றைக்குத் தொடவேண்டாம் என்று மட்டும் கெஞ்சினாள். ஏன் என்று அவர் கேட்குமுன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

லயத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. நேரே தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய் மறுபடி குளித்தாள். பல் கிட்டித்தது. முடியை இரண்டு தரம் அலசினாள். தூசிதான் வரும், தூசி தண்ணீரில் போய்விடும். வேறு எது வரும் என்று மனதைத் தேற்றினாள். அவள் கணவன் நிரஞ்சன் மாற்றுத்துணியை முன் திண்ணையான இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"இந்தா புள்ள, இன்னைக்கு இழுப்பே இல்ல. வந்து பாரு. மருந்துப் பம்ப்புகூட அடிக்கல, நல்லா தூங்குறான்."

அவளுக்கு உடம்பெல்லாம் இளகிப்போனது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம்போல இருந்தது. குலதெய்வத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"எப்பலேர்ந்துங்க?"

"மத்தியானத்துக்குப் பொறகு ரொம்பத்தான் மூச்சு முட்டிக்கிட்டு கெடந்தான். உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கல. மூடுபனி எறங்குனுச்சில்ல, அப்ப சட்டுனு நின்னுபோச்சு. தூக்கத்துலயே தலைய ஆட்டுனான் புள்ள. யாரோ என்னமோ சொல்ல, சரிங்குற மாதிரி."

மெதுவா இழு என்று அவள் சொன்ன நேரம் அது; துணியைப் பிழிந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

லயத்துக் காம்பிரா அறைக்குள் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பாயில் மதுரன் மல்லாந்து கிடந்தான். அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். விசில் இல்லை. கீச்சு இல்லை. தடுக்கல் இல்லை. பிள்ளையின் மார்பு அமைதியாக ஏறியது. எவ்வளவு அழகாக ஏறுகிறது என்று பார்த்தாள். இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.

இன்னும் ஏறியது.

வாசல் திரை உள்பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

"காத்து அடிக்குதே, கதவச் சாத்தவா?" என்றான் நிரஞ்சன் பின்னாலிருந்து.

விளக்கின் சுடர் சாய்ந்தது. பாய்ப்பக்கம். சாய்ந்தபடியே நின்றது. அவளுடைய ஈர முடி தோளிலிருந்து நழுவி முன்னால் வந்து, தொங்காமல், மகனின் வாயை நோக்கி நீண்டது. கூரைத் தகரத்தில் ஆணிகள் ஒவ்வொன்றாக முனகின.

மார்பு ஏறியது. சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது. விலா எலும்புகள் ஒன்றையொன்று விட்டு விலகின. அவசரமில்லாமல். மெதுவாக. மிக மெதுவாக.

"ரஜி..." என்று தொடங்கிய நிரஞ்சனின் குரல் பாதியில் இல்லாமல் போனது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவன் சுவரோரம் சரிந்தான்.

விடு சாமி. மூச்ச விடு.

சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்குக் காற்று இல்லை. விளக்கு அணைந்தது. அவள் கை மகனின் மார்பின்மேல் இருந்தது, அந்த மார்பு அவள் கையைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.